எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு போட்டியாளர்

சதுரங்கம் கற்க வரும் பிள்ளையிடம் விசுவநாதன் ஆனந்தின் படத்தைக் காட்டி ‘இவரைப் போல வர வேண்டும்’ என்று சொல்வதைவிட, அடுத்த தெருவில் அவனைக் காட்டிலும் சற்றே நன்றாக ஆடும் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து எதிரே உட்காரவைப்பது பல மடங்கு பயன் தருகிறது. காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டு, மாலை வேளைகளில் சதுரங்க வகுப்பையும் நடத்திவரும் நான், ஆண்டுக்கணக்கில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட செய்தி இது. ஆனந்த் ஆசையை மூட்டுகிறார், அதில் ஐயமில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையை எடுத்துவைத்து, மாலையில் தோற்ற ஆட்டத்தை மறுபடி நகர்த்திப் பார்க்கச் செய்வது அந்த அடுத்த தெருப் பிள்ளைதான்.

இதற்கு நம் நாட்டுச் சதுரங்க வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1961இல் மானுவல் ஆரோன், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான பட்டமான இன்டர்நேஷனல் மாஸ்டரை இந்தியாவில் முதலில் பெற்றார். 1988இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இரண்டாவது கிராண்ட்மாஸ்டராகத் திப்யேந்து பரூவா வருவதற்கு 1991 வரையிலும், மூன்றாவதாகப் பிரவீண் திப்சே வருவதற்கு 1997 வரையிலும் நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. முன்மாதிரி கண்முன்னே இருந்த காலம் அது. 1995இல் நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவோடு மோதிய ஆனந்த் நம்மவராக இருந்தார். வாரந்தோறும் எதிரே அமர்ந்து நம்மைத் தோற்கடிக்கக்கூடிய, நம்மைவிடக் கொஞ்சம் மேலான ஆட்டக்காரர்களின் கூட்டம்தான் அப்போது இல்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்ம்களும் (பட்டத்துக்கு உரிய தரத்தில் ஒரு போட்டியில் ஆடியதற்கான சான்று) 2500 ரேட்டிங்கும் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) தேவை என்பதும், நார்ம் பெறுவதற்குக் கிராண்ட்மாஸ்டர்களும் பிற நாட்டு ஆட்டக்காரர்களும் போதிய எண்ணிக்கையில் இருக்கும் போட்டியில் ஆட வேண்டும் என்பதும் விதி. அத்தகைய போட்டிகள் உள்ளூரில் அரிதாக இருந்த நாட்களில், வெளிநாடு செல்ல வசதியில்லாத திறமைசாலிக்குத் தன்னை உரசிப் பார்த்துக்கொள்ளவே இடம் கிடைக்கவில்லை.

பின்னர் வந்த தலைமுறைக்கு அந்தக் குறை நீங்கியது. பிரக்ஞானந்தா 2016இல், 11 வயது நிறையும் முன்பே, இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவரைவிட ஒரு வயதுகூட இடைவெளி இல்லாமல் இளையவரான குகேஷ், 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாள் ஆகியிருந்தபோது அதே பட்டத்தைப் பெற்றார். இருவரும் சென்னையில் வேலம்மாள் பள்ளியில் படித்தவர்கள். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியும் 2023இல் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். ஒருவர் ஏறிய படியை இன்னொருவர் அன்றாடம் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்ததுதான் இந்த வேகத்துக்கு முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். 2023 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் குகேஷ் முதலிடம் பெற்றது, உலகப் பட்டத்துக்கான போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேன்டிடேட்ஸ் போட்டிக்கு அவரை அனுப்பிவைத்தது. 2024 டிசம்பர் 12 அன்று, 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று அவர் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த இரண்டு மாதம் முடிவதற்குள் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸீயில் நடந்த போட்டியில் அவரும் பிரக்ஞானந்தாவும் ஆளுக்கு 8.5 புள்ளிகளுடன் சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டங்களில் பிரக்ஞானந்தா கோப்பையைக் கைப்பற்றினார். உலகச் சாம்பியனாகவே இருந்தாலும் துரத்தி வருபவர் துரத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் வகுப்பில் இதன் சிறிய வடிவத்தைக் கண்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எல்லோரையும் எளிதாக வென்றுகொண்டிருந்தாள். வென்றுகொண்டிருந்தாளே தவிர, ஓராண்டாக அவளுடைய ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே மூன்று தொடக்க நகர்த்தல்கள், ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்து எதிராளியைப் பயமுறுத்தும் அதே உத்தி. அந்த நேரத்தில் அவள் தெருவுக்கே குடிவந்த ஏழாம் வகுப்புப் பையன் வகுப்பில் சேர்ந்தான். வெளியே வந்த ராணியைக் குதிரையாலும் சிப்பாயாலும் துரத்தித் துரத்தித் தன் காய்களை முன்னேற்றிக்கொண்டு அவளை வென்றுவிட்டான். மறுநாள் காலை, வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே அவள் என்னிடம் வந்தாள். “சார், அவன் என் ராணியை விரட்டறப்போ நான் என்ன பண்ணியிருக்கணும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான விடையை ஓராண்டாக நானே பல விதமாக அவளுக்குச் சொல்லிப் பார்த்திருந்தேன்; கேட்கும் காது அன்றுதான் திறந்தது. அடுத்து வந்த மாதங்களில் அவள் யானைகள் மிஞ்சும் முடிவாட்டங்களைப் படித்தாள், தொடக்க உத்தியை மாற்றினாள். அதனால் அந்தப் பையனும் சும்மா இருக்க முடியவில்லை. “அக்கா முன்ன மாதிரி இல்ல சார், ராணியை எடுக்கவே மாட்டேங்குறாங்க” என்று கவலையோடு வந்து அவனும் புத்தகம் கேட்டான். யார் யாரை வளர்த்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை அது.

போட்டியாளர் எவ்வளவு மேலானவராக இருக்க வேண்டும் என்பதற்குச் சதுரங்கத்தில் ஓரளவு கணக்கே உண்டு. இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறையின்படி, ரேட்டிங்கில் 100 அதிகமுள்ள ஒருவரோடு 100 ஆட்டங்கள் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற கணக்கில் நமக்குச் சுமார் 36 புள்ளிகளும், 200 அதிகமுள்ளவரோடு ஆடினால் சுமார் 24 புள்ளிகளும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 400 அதிகமுள்ளவர் என்றால் ஏறக்குறைய 8 புள்ளிகள்தான். என் அனுபவத்தில் பிள்ளைகள் மிக விரைவாக வளர்வது, மூன்று நான்கு ஆட்டங்களுக்கு ஒன்றையேனும் வெல்ல முடிகிற எதிராளி கிடைக்கும்போதுதான், அதாவது 100 முதல் 200 வரையிலான இடைவெளியில்தான். அதைவிடக் குறைந்த இடைவெளி இருந்தால் பழைய உத்தியே போதுமென்று தோன்றிவிடுகிறது. அதைவிட அதிகமானால், தோல்விக்குக் காரணம் தேடும் பழக்கம் நின்று, ‘அவன் பெரிய ஆளு’ என்ற ஒற்றை விடையில் மனம் அமைதியடைந்துவிடுகிறது. சதுரங்கம் ஆடாதவர்களும் இந்த அளவைக் கையாளலாம். தட்டச்சுத் தேர்வுக்குப் பயிற்சி செய்பவரோ ஓட்டப் பயிற்சி எடுப்பவரோ, நான்கு முறைக்கு ஒரு முறையாவது தான் முந்தக்கூடிய ஒருவரைத் துணையாகத் தேடிக்கொள்வது நல்லது.

போட்டியை ஏற்பாடு செய்யும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர்கள் உடனே செயல்படுத்தக்கூடிய பகுதி இதுவே. பள்ளிகளில் பல போட்டிகள் நாக்-அவுட் முறையில்தான் நடக்கின்றன. 32 பிள்ளைகள் கலந்துகொள்ளும் நாக்-அவுட் போட்டியில் முதல் ஆட்டம் முடிந்ததும் 16 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்ததில் 8 பேர் போவார்கள். மொத்தம் நடப்பது 31 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பங்கை ஆடுபவர்கள் ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். யாருக்கு ஆட்டப் பழக்கம் அதிகம் தேவையோ அவர்களுக்கு ஒரே ஒரு ஆட்டமும், அதில் ஒரு தோல்வியும் மட்டும் மிஞ்சுகின்றன. போட்டி பிள்ளைகளை ஒடுக்கிவிடுகிறது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் விளைவைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

1895இல் சூரிச் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட சுவிஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும், சமன் செய்தவர் சமன் செய்தவரோடும் அடுத்த சுற்றில் மோதுகிறார்கள். ஒருவரோடு ஒருமுறைதான் ஆடலாம். வெள்ளை, கறுப்பு நிறங்கள் முடிந்த அளவு மாறி மாறி வர வேண்டும். அதே 32 பேரும் ஏழு சுற்று ஆடினால் 112 ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஏழு ஆட்டங்கள் கிடைக்கும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மூன்றாவது நான்காவது சுற்றுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் தமக்கு நிகரான எதிராளியின் முன்னே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் தோற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை, தன்னைப் போலவே இரண்டிலும் தோற்ற இன்னொரு பிள்ளையோடு மூன்றாவது சுற்றில் ஆடும் ஆட்டம், முன்னணியில் இருப்பவர்கள் முதல் பலகையில் ஆடும் ஆட்டத்துக்குச் சற்றும் குறையாத தீவிரத்தோடு நடக்கும். அந்தப் பலகையின் அருகே போய் நிற்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு ஓர் அட்டை போதும். அதில் பெயர், ஆடிய எதிராளிகள், நிறம், புள்ளி ஆகியவற்றை எழுதிக்கொண்டு, சுற்று முடிந்ததும் அட்டைகளைப் புள்ளிவாரியாக அடுக்கி இணை சேர்க்கலாம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு சனிக்கிழமைகளில் ஏழு சுற்றுகளையும் நடத்திவிடலாம். கணக்குப் பாடத்தில் மனக்கணக்குக்கும் இதே முறையை நான் கையாண்டுவருகிறேன். இணைகளாக உட்காரவைத்து, பத்துக் கணக்குகளைக் கொடுத்து, யார் அதிகம் சரியாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. வகுப்பின் முதல் மாணவனோடு ஒப்பிடப்பட்டே பழகிப்போன பிள்ளைகள், தமக்கு நிகரானவரோடு மோதும்போது கணக்கில் காட்டும் ஆர்வம் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்திருக்கிறது.

அடுத்ததாக, தோல்விக்குப் பிறகான பதினைந்து நிமிடம். சதுரங்கத்தில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து அமர்ந்து, காய்களை மீண்டும் அடுக்கி, நகர்த்தல்களை முதலிலிருந்து பார்ப்பார்கள். “இங்க நான் யானையைக் கொண்டுவந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?” என்று தோற்றவர் கேட்க, வென்றவர் தன் மனத்தில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லுவார். சற்று முன்பு வரை எதிரியாக இருந்தவர் அந்த வேளையில் ஆசிரியர் ஆகிறார். அவர் சொல்வதை நம்புவதற்கும் காரணம் இருக்கிறது, அவர்தானே நம்மைத் தோற்கடித்தார். எங்கள் வகுப்பில் இது கட்டாயம். நகர்த்தல்களை எழுதாத பிள்ளைக்கு அடுத்த சுற்றில் இடமில்லை என்ற ஒரே கண்டிப்பை மட்டும் நான் வைத்திருக்கிறேன். எழுதிய தாள் இல்லையென்றால் அந்த உரையாடலுக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

மேலான எதிராளியிடமிருந்து கற்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேடினால், 1984இல் மாஸ்கோவில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியைச் சொல்வேன். ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம் என்ற அந்தப் போட்டியில், 27 ஆட்டங்கள் முடிந்தபோது சாம்பியன் அனடோலி கார்போவ் வெற்றிக் கணக்கில் 5–0 என்று முன்னணியில் இருந்தார். இருபத்தொரு வயது காரி காஸ்பரோவுக்கு இன்னும் ஒரே ஒரு தோல்வி வந்தால் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு தோல்வி வரவேயில்லை. 32ஆம் ஆட்டத்தில் முதல் வெற்றி; 47, 48ஆம் ஆட்டங்களில் மேலும் இரண்டு. ஐந்து மாதம் நீண்ட அந்தப் போட்டி 1985 பிப்ரவரியில் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. புதிதாக நடந்த போட்டியில் அதே ஆண்டு நவம்பரில் காஸ்பரோவ் 13–11 என்ற புள்ளிக் கணக்கில் வென்று சாம்பியன் ஆனார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு எதிரே 48 முறை உட்கார்ந்து எழுந்ததே அவருக்குக் கிடைத்த பெரும்பயிற்சி. டொராண்டோ கேன்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் பிரான்ஸின் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற குகேஷ், மீதியிருந்த ஏழு சுற்றுகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 14இல் 9 புள்ளி பெற்று முதலிடத்துக்கு வந்ததையும் பிள்ளைகளிடம் இதோடு சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் போட்டியால் ஒரே மாதிரி தூண்டப்படுவதில்லை. இதைப் பெற்றோர் அறிந்திருப்பது மிக அவசியம். 1898இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட், 40 சிறுவர்களைத் தனியாகவும் ஜோடியாகவும் தூண்டில் நூல் சுற்றும் உருளையைச் சுழற்றச் செய்து நேரத்தைக் குறித்தார். பக்கத்தில் ஒருவர் சுழற்றும்போது 20 பேரின் வேகம் கூடியது. 10 பேருக்குப் பெரிதாக மாற்றமில்லை. மீதி 10 பேர் பரபரப்பில் தடுமாறிப் பின்தங்கினார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக எங்கள் வகுப்பிலும் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் இருந்தான். பயிற்சியில் மூன்று நகர்த்தல் முன்கூட்டியே பார்த்துவிடுவான். போட்டி என்றால் இருபது நிமிட ஆட்டத்தை மூன்று நிமிடத்தில் ஆடித் தோற்றுவிட்டு எழுந்துபோவான். அவன் புள்ளிகளை அறிவிப்புப் பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அட்டையை என்னிடமே வைத்துக்கொண்டேன். வெற்றி தோல்வியைப் பற்றி அவனிடம் பேசுவதே இல்லை. பதினைந்தாவது நகர்த்தல் வரும்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் செலவாகியிருக்கிறது என்பதை மட்டும் எழுதிவரச் சொன்னேன். சென்ற வாரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக யோசித்திருந்தால் அது அவனுக்கு வெற்றி. நேற்றைய தன்னோடு போட்டியிடும் அந்தப் பழக்கத்தில் அவனுக்கு மெல்ல மெல்ல நிதானம் வந்தது. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு, தன் பெயரையும் அறிவிப்புப் பலகையில் எழுதும்படி அவனே வந்து கேட்டான்.

ரேட்டிங் எண்ணின் மீது பெற்றோருக்கு வந்துவிடும் பற்று இன்னொரு சிக்கல். “இந்த டோர்னமென்ட் வேண்டாம் சார், சின்னப் பசங்க நிறைய வர்றாங்க, ரேட்டிங் இறங்கிடும்” என்று ஒரு தந்தை உண்மையான கவலையோடு என்னிடம் சொன்னார். அவர் பயம் ஆதாரமற்றது அல்ல. 18 வயதுக்குட்பட்ட, 2300க்குக் கீழுள்ள ஆட்டக்காரருக்குப் புள்ளி மாற்றத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண் 40. தன்னைவிட 200 புள்ளி குறைந்தவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் சுமார் 30 புள்ளிகள் போய்விடும். அதே விதிப்படி, 200 அதிகமுள்ளவரை வென்றால் சுமார் 30 கிடைக்கும் என்பதையும், பிள்ளையைச் சரியான எதிராளியோடு சேர்த்துவைப்பதற்காகவே அந்த எண் இருக்கிறது என்பதையும் அவரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். எண்ணைக் காப்பாற்றுவதற்காக ஆடாமல் இருக்கும் பிள்ளையிடம் எண் இருக்கும், ஆட்டம் இருக்காது. அரங்கின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் நான் வைக்கும் வேண்டுகோளும் இதைச் சார்ந்ததே: வெளியே வரும் பிள்ளையிடம் ‘ஜெயிச்சியா?’ என்று கேட்காமல், முதலில் தண்ணீரும் தின்பதற்கு ஏதேனும் ஒன்றும் கொடுங்கள். எதிராளியோடு ஆட்டத்தை அலசி முடித்த பிறகு, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று கேளுங்கள். விடை சொல்வதற்காகவே பிள்ளை ஆட்டத்தை நினைவில் ஓட்டிப் பார்க்கும்.

சிறிய ஊர்களில் உள்ளவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எட்டிப் பிடிக்கும் தூரத்தில் போட்டியாளரே இல்லையென்றால் என்ன செய்வது? பள்ளியிலேயே சிறந்தவள் ஆகிவிட்ட அந்த மாணவிக்கும், தெருப் பையனின் குடும்பம் வேறு ஊருக்கு மாறிச் சென்ற பிறகு, இந்த நிலை வந்தது. மாவட்டப் போட்டிகளுக்கு அனுப்பினோம். ஆனால் அவை மாதத்துக்கு ஒன்றுகூட நடப்பதில்லை. எனவே கடிகாரத்தைக் கொண்டு போட்டியாளரை உருவாக்கினோம். அவளுக்கு 5 நிமிடம், எதிரே ஆடுபவருக்கு 15 நிமிடம். எதிராளி தொடர்ந்து இரண்டு முறை வென்றால் அவருடைய நேரத்தில் 2 நிமிடத்தைக் குறைப்போம். தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் 2 நிமிடத்தைக் கூட்டுவோம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக இந்த நேரம் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கும். காய்களைக் குறைத்துக்கொண்டு ஆடும் பழைய வழக்கத்தைவிட இது மேலானது, ஏனென்றால் ஆட்டத்தின் இயல்பு மாறுவதில்லை. தொடக்க உத்திகளும் முடிவாட்டங்களும் உள்ளபடியே இருக்கின்றன. குறைந்த நேரத்தில் சரியாக முடிவெடுக்கும் பயிற்சி அவளுக்குக் கிடைக்கிறது. அவளைத் தோற்கடித்துவிடும் உண்மையான வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. 15 நிமிடத்தில் தொடங்கிய ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்போது 9 நிமிடத்துக்கு இறங்கி வந்திருக்கிறாள். அந்த எண்ணை 7 ஆக்குவதற்காக, சனிக்கிழமை வகுப்புக்கு எல்லோருக்கும் முன்பாக வந்து பலகையை விரிக்கிறாள்.